விளிம்பு பிரிந்தால் முதலில் பெயின்டரை அழைக்காதீர்கள்

மரவேலை: வாசகர் கேள்வி பதில்

கத்திரி வெயில் முடிந்த கையோடு என் பட்டறைக்கும் இந்தப் பகுதிக்கும் ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கும். அலமாரிக் கதவின் ஓரத்தில் ஒட்டிய டேப் எழும்பிவிட்டது, ஓரத்து பெயின்ட் கோடு கோடாக வெடித்துவிட்டது, என்ன செய்வது? வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம் சுவர் வழியாகவே அலமாரிக்குள் இறங்கும். பலகையின் நடுப்பகுதி இரண்டையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். விளிம்புதான் தாங்காது. அதனால் இந்த இதழில் பெயின்ட் அடித்த அலமாரிகளின் விளிம்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மைக்கா ஒட்டியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி வாசகி): ஐயா, எங்கள் சமையலறை ஷட்டர்கள் பிளைவுட்டில் செய்து வெள்ளை எனாமல் அடித்தவை. அடுப்புக்கு மேலே இருக்கும் ஷட்டரின் கீழ் ஓரத்தில் மர டேப் பெயின்ட்டோடு சேர்ந்து பிரிந்து தொங்குகிறது. ஃபெவிக்விக் விட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. பெயின்டர் "பட்டி பார்த்து அடித்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இப்போது பட்டி பார்த்தால் தீபாவளிக்கு அழகாக இருக்கும், பொங்கலுக்குள் மறுபடி தொங்கும்.

உங்கள் ஷட்டரில் இருப்பது பின்பக்கம் பசையோடு வரும் வினீர் டேப்பாகத்தான், அதாவது மெல்லிய மரச்சீவல் டேப்பாகத்தான், இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் அந்தப் பசை உருகிப் பலகையில் பிடித்துக்கொள்ளும். உருகிப் பிடித்த பசை மறுபடி சூடு கண்டால் மறுபடி இளகும். குக்கர் விசில் அடிக்கும்போது ஆவி நேராக எங்கே போய் மோதுகிறது என்று ஒருநாள் நின்று பாருங்கள். அந்தக் கீழ் விளிம்பில்தான். சூடு பசையை இளக்குகிறது, ஈரம் டேப்பை உப்ப வைக்கிறது, திறந்த இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலே இருக்கும் எனாமல் மூடும், அவ்வளவுதான். எதையும் இழுத்துப் பிடிக்காது. சட்டென ஒட்டும் பசையோ காய்ந்தால் இறுகி நொறுங்கும் தன்மை உள்ளது. தினமும் படாரென்று சாத்துகிற கதவுக்கு ஒத்துவராது. அதோடு நீங்கள் ஒட்டியது மரத்தின் மேல் இல்லை. பழைய பசையின் மேலும் பிசுக்கின் மேலும் ஒட்டியிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஷட்டரைக் கீலிலிருந்து கழற்றி ஒரு பழைய பெட்ஷீட் மேல் படுக்கப் போடுங்கள். புது கட்டர் பிளேடு எடுத்து, டேப்பும் பலகையும் சேரும் கோட்டில், முன்பக்கமும் பின்பக்கமும் பெயின்ட்டை நறுக்கிவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். பெயின்ட் இரண்டையும் ஒரே படலமாகப் போர்த்தியிருக்கும். நறுக்காமல் டேப்பை இழுத்தால் ஷட்டரின் முகத்திலிருந்தும் பட்டை பட்டையாகப் பெயின்ட் உரிந்து வரும். ஒரு ஓரத்தில் முடிய வேண்டிய வேலை முழு ஷட்டருக்கும் பெயின்ட் அடிக்கும் வேலையாகிவிடும்.

அப்புறம் இஸ்திரிப் பெட்டியை மெதுவாக டேப்பின் மேல் நகர்த்திக்கொண்டே, பட்டி பார்க்கும் தகட்டை அடியில் செருகித் தள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பெயின்ட் சூடானால் நெடி வரும். பெட்டிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே ஒரு பழைய காட்டன் துணி இருந்தால் பெட்டியின் அடி பாழாகாது. டேப் வந்ததும் சூடு ஆறுவதற்குள் பழைய பசையைச் சுரண்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் அது உப்புத்தாளையே அடைத்துக்கொள்ளும். மிச்சத்தை 120 நம்பர் தாளில், கட்டைமேல் சுற்றித் தேயுங்கள். மரம் வந்துவிட்டதா என்று பார்க்க விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சினால் மரம். முத்தாக நின்றால் இன்னும் பசையோ எண்ணெயோ இருக்கிறது, மறுபடி தேயுங்கள். பிளையின் நடு அடுக்கில் ஓட்டை தெரிந்தால் மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து அடைத்துக் காயவிடுங்கள்.

இப்போது என்ன ஒட்டுவது? அந்த இடத்தில் மறுபடியும் இஸ்திரி டேப் வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வெளிமாநிலத்துக்காரர்கள் வாரக்கணக்கில் தங்கி அறையிலேயே சமைத்துக்கொள்வார்கள். அங்கே அடுப்புக்கு மேலேயும் சிங்க்குக்குக் கீழேயும் உள்ள விளிம்புகளை எத்தனையோ முறை சரிசெய்திருக்கிறேன். அந்த இரண்டு இடங்களில் நின்று பிடிப்பது 3 அல்லது 4 மி.மீ. கனமுள்ள மரப் பீடிங்தான், அதாவது விளிம்பை மூட ஒட்டும் மரப்பட்டைதான். தண்ணீர் தாங்கும் வகை வெள்ளைப் பசை தடவி, மாஸ்கிங் டேப்பால் இழுத்துக் கட்டி, தலையில்லாத சின்ன ஆணி நாலைந்து அடித்து, ஒரு ராத்திரி விடுங்கள். ஆணி இருந்தால் பசை சற்று இளகினாலும் பீடிங் அசையாது. பீடிங் எவ்வளவு கனமோ அவ்வளவு பலகையை முதலிலேயே இழைத்துக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஷட்டர் பக்கத்துக் கதவிலோ அடிப்பலகையிலோ இடிக்கும்.

கடைசியாக அந்தக் கீழ் விளிம்புக்கும் பிரைமர், பெயின்ட் இரண்டும் முழுசாக அடிக்கச் சொல்லுங்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும் இடம் என்பதால் பெயின்டர்கள் அங்கே பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆவி படுகிற இடமே அதுதான். முடிந்தால் அடுப்பை அரையடி முன்னால் நகர்த்துங்கள்.

கேள்வி (காட்பாடி வாசகி): அண்ணா, நானே ஒரு புத்தக அலமாரி செய்கிறேன். 19 மி.மீ. பிளையைக் கடையிலேயே அறுத்து வாங்கிவிட்டேன். வினீர் டேப்பும் வாங்கியாயிற்று. இஸ்திரிப் பெட்டியில் எவ்வளவு சூடு வைக்க வேண்டும்? ஒட்டிய பிறகு ஓரத்தை எப்படி வெட்டுவது? இதுதான் எனக்கு முதல் முறை.

பதில்: நல்ல வேலை தொடங்கியிருக்கிறீர்கள், தங்கச்சி. அறுத்து வந்த விளிம்பில் ரம்பத்தின் கோடுகள் இருக்கும். முதலில் அதை 120, பிறகு 180 நம்பர் தாளில் கட்டை வைத்துத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். கையால் மட்டும் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும், டேப்பின் இரு ஓரமும் அந்தரத்தில் நிற்கும். தூசியைத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் துணிக்கு வைக்கும் சூட்டில் வையுங்கள். நீராவி கூடாது, பெட்டிக்குள் தண்ணீரே இருக்க வேண்டாம். ஒரு துண்டுப் பலகையில் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள், ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு மாதிரி சூடேறும். டேப்பை நீளத்தில் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டி, பலகையின் இரு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, பெட்டியை நிற்காமல் மெதுவாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகும். வேகமாக ஓட்டினால் பசை உருகாது. ஓரங்களில் பசை லேசாகப் பளபளத்து எட்டிப் பார்த்தால் சூடு சரி.

உண்மையில் ஒட்டுகிற வேலை பெட்டி நகர்ந்த பிறகுதான் நடக்கிறது. பின்னாலேயே ஒரு மரக்கட்டையை அழுத்தி, தேய்த்துக்கொண்டே வர வேண்டும், பசை ஆறும்வரை. நான் பார்த்த வரையில் வீட்டில் செய்கிறவர்களின் டேப் பிரிவதற்குப் பெரும்பாலும் இந்த அழுத்தம் போதாததுதான் காரணம். எங்கள் நைனா ஒட்டி முடித்ததும் விளிம்பு முழுவதும் நகத்தால் லேசாகத் தட்டிக்கொண்டே போவார். பிடித்த இடத்தில் கெட்டியான ஓசை, பிடிக்காத இடத்தில் பொள்ளென்ற ஓசை. கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்துவிடும். பொள்ளென்றால் அந்த இடத்தை மட்டும் மறுபடி சூடு காட்டி அழுத்துங்கள்.

வெட்டுவதற்கு முன் நன்றாக ஆற விடுங்கள். முனையில் நீண்டிருப்பதைப் பலகையோடு ஒட்டிக் கட்டரால் கீறி மடக்கினால் ஒடிந்துவிடும். பக்கவாட்டில் நீண்டிருப்பதற்குக் கூர்மையான உளியோ மெல்லிய அரமோ போதும். அரத்தைச் சாய்த்துப் பிடித்து, எப்போதும் பலகையை நோக்கியே தள்ளுங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் இப்போதுதான் ஒட்டிய டேப்பை நீங்களே கிளப்புகிறீர்கள். உளி பிடித்தால் மர ரேகை ஓடும் திசையைப் பாருங்கள். உளி உள்ளே இழுத்துக்கொண்டு போனால் ரேகைக்கு எதிராகப் போகிறீர்கள், மறுமுனையிலிருந்து வாருங்கள்.

எல்லாப் பக்கமும் ஒட்டுவதாக இருந்தால் பக்க விளிம்புகளை முதலில் முடியுங்கள், முன் விளிம்பைக் கடைசியில் ஒட்டுங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது இணைப்பு தெரியாது. வழிந்த பசை எங்கேயும் இருக்கக் கூடாது, அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. அப்புறம் 220 நம்பர் தாளால் கூர்முனையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மழுக்குங்கள். பெயின்ட் கூர்முனையில் நிற்காது, இரு பக்கமும் விலகி ஓடி நடுவில் மெலிந்துவிடும். ஓரத்தில் முதலில் பெயின்ட் போவது இதனால்தான்.

கேள்வி (ஆரணி வாசகர்): 18 மி.மீ. பலகைக்கு எந்த அகல டேப் வாங்குவது?

பதில்: 22 மி.மீ. பத்தொன்பதுக்கும் அதேதான்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): அண்ணே, ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே பயன்படுத்தும் மாதிரி ரப்பர் பசையால் வீட்டு அலமாரி விளிம்புக்கு வினீர் ஒட்டலாமா? மேலே பெயின்ட் அடிக்கப் போகிறேன்.

பதில்: தம்பி, இந்தக் கேள்வி ஆம்பூரிலிருந்து வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. இந்தப் பசையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு பக்கமும் தடவ வேண்டும், விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும், சேர்த்த பிறகு நகர்த்த முடியாது, அழுத்தத்தில்தான் பிடிப்பு. மரக்கடையில் மஞ்சள் நிறத்தில் கிடைக்கும் ரப்பர் பசையும் அதே முறைதான். ஆனால் அடிப்பாகம் ஒட்ட நீங்கள் சூடு காட்டிப் பயன்படுத்தும் பி.யு. பசை வேறு வகை, அதை இதற்கு எடுக்காதீர்கள்.

தோலுக்கும் பிளை விளிம்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிளையில் ஒன்றுவிட்ட அடுக்கின் நுனி ரேகை வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். முதல் பூச்சு முழுவதையும் அது குடித்துவிடும். முதல் பூச்சை நன்றாகக் காயவிட்டு விளிம்புக்கு மட்டும் இன்னொரு பூச்சு கொடுங்கள்.

கவனிக்க வேண்டியது பெயின்ட். தின்னர் கலந்து ஸ்பிரே செய்யும் டூக்கோ வகை பெயின்ட்டைத் தாராளமாக அடித்தால், தின்னர் மெல்லிய வினீர் வழியாக இறங்கி ரப்பர் பசையை இளக்கும். மறுநாள் விளிம்பில் கொப்புளம் நிற்கும். நன்றாக மூடிய பிரைமருக்கு மேல் டர்பன்டைன் கலந்த எனாமலைப் பிரஷ்ஷில் அடித்தால் பயம் குறைவு. ஸ்பிரேதான் வேண்டுமென்றால் முதல் பூச்சுகள் மெல்லிசாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. இன்னொன்று: கம்பெனியில் புகைபோக்கி விசிறி ஓடும், வீட்டில் ஓடாது. இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். அடுப்போ சாமி விளக்கோ எரியும் அறையில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): நான் கார்பென்டர். பெட்ரூம் வார்ட்ரோபுக்கு அரை அங்குலத் தேக்குப் பீடிங் வைத்து, மட்டமாக இழைத்து, பெயின்டர் பளபளப்பான வெள்ளை அடித்தார். சில மாதத்தில் பீடிங் சேரும் இடத்தில் நூல் பிடித்தது போல் கோடு தெரிகிறது. வீட்டுக்காரர் என்னைக் கேட்கிறார். தவறு என்னுடையதா, பெயின்டருடையதா?

பதில்: மரத்தின் இயல்பைக் கணக்கில் எடுக்காததுதான் காரணம், அதில் இருவருக்கும் பங்கு உண்டு.

பிளையில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அது பெரிதாக விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. பீடிங் ஒரே மரத்துண்டு, அகலவாக்கில் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். கார்த்திகை ஈரத்தில் மட்டமாக இழைத்த பீடிங் சித்திரையில் பலகையை விடக் கொஞ்சம் உள்ளே போய் நிற்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். பளபளப்பான வெள்ளையில் அதுவே போதும், வெளிச்சம் சாய்வாக விழுந்தால் கோடு பளிச்சென்று தெரியும். அதே வேலையை மேட் பெயின்ட் பாதி மறைத்திருக்கும்.

இன்னொரு காரணம் அவசரம். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. ஒட்டியவுடன் இணைப்பை ஒட்டிய மரம் அந்தத் தண்ணீரைக் குடித்து லேசாக உப்பும். சாயங்காலம் ஒட்டி மறுநாள் காலையில் மட்டம் இழைத்தால், உப்பிய மரத்தைச் சீவிவிடுகிறீர்கள். பின்னால் ஈரம் போனதும் அதே இடம் பள்ளமாகிவிடும். வெயில் காலத்தில்கூட இரண்டு மூன்று நாள் விட்டு இழையுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் விடுங்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், கேட்பார்.

பெயின்ட் அடிக்கப்போகும் அலமாரிக்குத் தேக்கு வீண் செலவு. ரேகை தெரியப்போவதில்லை, அந்த மரத்தில் இயல்பாக உள்ள எண்ணெய்ப்பசை ஒட்டுவதற்கும் இடைஞ்சல். நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக் போன்ற மரத்தில் 3, 4 மி.மீ. பீடிங் போதும். பீடிங் எவ்வளவு அகலமாக முகத்தில் தெரிகிறதோ அவ்வளவு அசைவு இணைப்பில் தெரியும்.

இந்த வார்ட்ரோபைச் சரிசெய்ய, ஒரு கோடை கழியட்டும். பிறகு கோட்டின் இரு பக்கமும் மூன்று அங்குலம் வரை 180 நம்பர் தாளில் கட்டை வைத்து மரம் தெரியும்வரை இறக்குங்கள். கோட்டில் மட்டும் பட்டி பூசினால் மேடாக நிற்கும். அகலமாகப் பரப்பி, தேய்த்து, பிரைமர் அடித்து, டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். பிரைமரில் கோடு தெரிந்தால் பெயின்ட்டிலும் தெரியும், அங்கேயே நிறுத்தி மறுபடி தேயுங்கள். முடிந்தால் இரண்டாவது முறை சாட்டின் பூச்சுக்கு வீட்டுக்காரரைச் சம்மதிக்க வையுங்கள்.

கேள்வி (வாலாஜாபேட்டை வாசகி): வாடகை வீடு. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே உள்ள அலமாரியில் பிளாஸ்டிக் டேப் வெயிலில் பிரிந்துவிட்டது. நிறமும் மங்கிவிட்டது. ஒட்டி, மேலே பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: அது பி.வி.சி. டேப். ஒட்டலாம், ஆனால் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், சுருங்கி நெளிந்துவிடும். பழைய பசையைச் சுரண்டி, டேப்பின் உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசையை இரு பக்கமும் தடவிக் காயவிட்டு அழுத்துங்கள். விறைத்து நின்றால் ஹேர் டிரையரின் சூடு போதும்.

பெயின்ட் விஷயத்தில் யோசியுங்கள். வழவழப்பான பி.வி.சி.யில் சாதாரண எனாமல் பிடிக்காது, நகம் பட்டால் உரியும். 320 நம்பர் தாளில் பளபளப்பைப் போக்கி, ஸ்பிரிட்டில் துடைத்து, பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் அடித்தால்தான் நிற்கும். வாடகை வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம் என்பேன். 22 மி.மீ. வெள்ளை பி.வி.சி. டேப் மீட்டர் கணக்கில் கேட்டால் பெரிய பிளைவுட் கடையில் தருவார்கள். மங்கியதைக் கழற்றிப் புதியதை ஒட்டிவிடுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று போடுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர் வாசகர்): எம்.டி.எஃப். கதவுகள். விளிம்பில் டேப் எதுவும் வேண்டாம், நேராகப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறார்கள். ஒரு கதவு அடித்துப் பார்த்ததில் முகம் கண்ணாடி மாதிரி வந்தது, விளிம்பு மட்டும் சொரசொரப்பாக இருக்கிறது.

பதில்: எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதற்கு டேப் இல்லாமலும் செய்யலாம், அவர்கள் சொன்னது சரி. ஆனால் முகமும் விளிம்பும் ஒன்றல்ல. முகத்தை அழுத்தி இறுக்கியிருப்பார்கள், விளிம்பில் அறுபட்ட நார்கள் திறந்து கிடக்கின்றன. எத்தனை பூச்சு அடித்தாலும் உறிஞ்சும், நார் எழுந்து நிற்கும். 220 நம்பர் தாளில் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கையோ, மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலரையோ விளிம்புக்கு மட்டும் இரண்டு பூச்சு கொடுங்கள், நடுவில் ஒருமுறை 320ஆல் லேசாகத் தேய்த்து. விரலுக்கு முகமும் விளிம்பும் ஒரே மாதிரி தெரிந்த பிறகு மொத்தத்துக்கும் பிரைமர். தண்ணீரில் கரையும் பிரைமரை வெறும் விளிம்பில் முதலில் அடிக்காதீர்கள், நார் இன்னும் எழும்பும். சுவருக்குப் பூசும் பட்டியும் வேண்டாம், மரத்தில் அது செதிலாக உதிரும்.

சிங்க்குக்கு அடியில் மட்டும் எம்.டி.எஃப். வைக்காதீர்கள். அங்கே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளை போடுங்கள்.

கேள்வி (மேல்விஷாரம் வாசகர்): 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பார்ட்டிக்கிள் போர்டு அலமாரியின் அடி விளிம்பு அப்போது உப்பியது, இன்னும் அப்படியே இருக்கிறது. தேய்த்துச் சமன் செய்து டேப் ஒட்டி பெயின்ட் அடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது ஐயா. பார்ட்டிக்கிள் போர்டு ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. உள்ளே துகள்களைப் பிடித்திருந்த பிசின் விட்டுப்போயிருக்கும். தேய்த்தால் மாவாக உதிரும், டேப் ஒட்டினால் அந்த மாவோடு சேர்ந்து வந்துவிடும்.

அலமாரி மற்றபடி உறுதியாக இருந்தால், உப்பிய பாகத்துக்கு மேலே ஓரிரு அங்குலம் தள்ளி, நல்ல பலகை தெரியும் இடத்தில் நேராக அறுத்து எடுத்துவிடுங்கள். போன உயரத்துக்கு நாலு பக்கமும் மரச் சட்டம் செய்து அடியில் வைத்து, அதன் மேல் அலமாரியை நிறுத்துங்கள். அறுத்த புது விளிம்புக்கு டேப் கூடத் தேவையில்லை, சீலரும் பிரைமரும் நிறையக் கொடுத்து மூடினால் போதும். சட்டத்தின் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்துவிட்டு, அது தரையைத் தொடாமல் சின்ன பிளாஸ்டிக் கால்கள் வையுங்கள். வெள்ளம் எப்போதோ வருவது. தினமும் வீடு துடைக்கிற ஈரம்தான் அடி விளிம்பை அதிகம் கெடுக்கிறது. ஷட்டர்களும் உப்பியிருந்தால் அவற்றில் காசு செலவழிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கேள்வி (போளூர் வாசகி): மாமியார் காலத்து மர அலமாரி. பச்சை எனாமல் பல பூச்சு இருக்கிறது, ஓரமெல்லாம் செதில் செதிலாக உதிர்கிறது. தேய்த்துவிட்டுப் புது பீடிங் வைக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குழந்தை இருப்பதை எழுதினீர்களே, அதற்கு நன்றி அம்மா. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களில், முக்கியமாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் தாராளமாக இருந்திருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், மிகச் சிறிய அளவும் நல்லதல்ல. உதிர்ந்த செதிலைக் குழந்தை வாயில் வைத்துவிடும் என்பதால், அலமாரி அப்படியே இருப்பதும் ஆபத்துதான்.

அதனால் வேலையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். அலமாரியைத் திண்ணைக்கோ பின்கட்டுக்கோ கொண்டுபோய், கீழே பெரிய பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். காய்ந்த தாளில் தேய்க்கவே கூடாது, மெஷினும் கூடாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. சூடு காட்டி உரிப்பதும் வேண்டாம், ஈயப்புகை தூசியைவிட மோசம். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், துணி முகமூடி போதாது, என்-95 வேண்டும். முழு அலமாரியையும் உரிக்க வேண்டியதில்லை. உறுதியாகப் பிடித்திருக்கும் பெயின்ட்டை லேசாக ஈரத்தாளில் மங்கலாக்கி மேலே புது பிரைமர் அடித்து மூடிவிடலாம். பீடிங் வைக்கும் விளிம்பில் மட்டும் மரம் வரை இறக்குங்கள், நன்றாக ஒருநாள் காயவிட்டு ஒட்டுங்கள். மரத்தில் ஈரம் இருக்கும்போது ஒட்டினால் பசை பிடிக்காது.

முடிந்ததும் விரிப்பை உள்பக்கமாக மடித்துக் கட்டிக் குப்பையில் சேருங்கள், தோட்டத்தில் உதறாதீர்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடையுங்கள். வேலை செய்த உடுப்பைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.